தூதருடன் பேசியவர் துரோகியா?

 

நாம் பலசரக்குக் கடை வைத்துப் பிழைப்பவர்கள். சில வருஷங்களுக்கு முன் சங்கத் தேர்தல் சமயத்தில், நாம் ஆதரித்தவருக்கு எதிரணியில் நின்றவர் நமது கடைக்கு வந்தார். வந்தவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தோம். அரிசி விலையையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றியே பேசினோம். மறுநாள் மஃரிபுக்குள் "கடைக்காரர் விலை போய்விட்டார்" என்ற பேச்சு தெரு முழுவதும் பரவிவிட்டது. வெகுகாலமாக நம்மிடம் சாமான் வாங்கி வந்த நண்பர் ஒருவர் எதிர்க் கடைக்குப் போகலானார். அவர் மனம் திரும்ப ஒன்றரை வருஷம் பிடித்தது.

ஒரு குவளைத் தேநீருக்கே இப்பாடு என்றால், ஒரு வல்லரசின் தூதர் ஒரு கட்சியின் தலைவரைச் சந்தித்தால் என்னென்ன பேச்சு எழும்? மார்க்கத்தின் பேரால் அரசியல் நடத்தும் கட்சிகளின் விஷயத்தில் இது அடிக்கடி நிகழ்கிறது. மிஸ்று தேசத்தின் சரித்திரத்தைக் கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

தூதரின் வேலை என்ன?

1961-ஆம் வருஷம் வியன்னா நகரில் தேசங்கள் கூடித் தூதர்களைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன. அதன் 3-ஆம் ஷரத்து, தாம் இருக்கும் நாட்டின் நிலைமையைச் சட்டத்திற்கு உட்பட்ட வழிகளில் அறிந்து தம் அரசாங்கத்திற்குத் தெரிவிப்பது தூதரின் கடமைகளுள் ஒன்று என்கிறது. 41-ஆம் ஷரத்தோ, அந்நாட்டின் உள் விவகாரங்களில் அவர் தலையிடலாகாது என்கிறது. ஆக, விசாரித்து அறியலாம். கை நுழைக்கக் கூடாது. இரண்டிற்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது. எல்லாக் கலகமும் அந்தக் கோட்டின் மேல்தான் பிறக்கிறது.

1954-இல் நடந்தது

இஃக்வானுல் முஸ்லிமூன் என்னும் சங்கத்தைப் பள்ளி ஆசிரியரான ஹஸனுல் பன்னா 1928-இல் இஸ்மாயிலிய்யா நகரில் ஆரம்பித்தார். அவருக்குப் பின் ஹஸனுல் ஹுளைபி தலைவரானார். 1952-இல் ராணுவ அதிகாரிகள் மன்னரை நீக்கி ஆட்சியைக் கைப்பற்றினர். அப்பொழுது சூயஸ் கால்வாய்ப் பிரதேசத்தில் பிரிட்டிஷ் படை தங்கியிருந்தது. அதை வெளியேற்றுவதே ஜனங்களின் பெரிய கோரிக்கை.

1953-இன் ஆரம்ப மாதங்களில் பிரிட்டிஷ் தூதராலயத்தைச் சேர்ந்த டிரெவர் இவான்ஸ் என்பவர் ஹுளைபியைச் சந்தித்துப் படை வெளியேறுவதைப் பற்றிப் பேசினார். 1954 ஜனவரியில் அரசாங்கம் இஃக்வான் சங்கத்தைக் கலைத்தது. அந்நியருடன் இரகசியமாகப் பேசினார்கள் என்பது அப்போது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. அரசாங்கத்தாருக்குத் தெரிந்தே பேசினோம் என்பது சங்கத்தாரின் பதில்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே பிரிட்டிஷாருடன் அரசாங்கமும் 1953 ஏப்ரல் முதல் பேசி வந்தது. 1954 அக்டோபர் 19-ந் தேதி உடன்படிக்கையில் கையெழுத்தும் இட்டது. அப்பொழுது இஃக்வான்கள், அரசாங்கம் அந்நியருக்கு விட்டுக்கொடுத்துவிட்டது என்று குறை கூறினர். ஒரே வாசற்படியை இருவரும் மிதித்தார்கள். மிதித்த ஒவ்வொருவரும் மற்றவரைத் துரோகி என்றார்கள்! அவ்வுடன்படிக்கைக்கு ஒரு வாரம் கழித்து அலெக்ஸாந்திரியாவில் ஜமால் அப்துல் நாஸரை நோக்கித் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. டிசம்பரில் ஆறு பேர் தூக்கிலிடப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். இத்தனைக்கும் தூதரின் சந்திப்புதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. பகை முன்பே இருந்தது. ஆனால் சந்தேகம் அந்த நெருப்பில் எண்ணெயாயிற்று.

2011 முதல் 2013 வரை

ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து அதே நகரில் அதே நாடகம் திரும்ப நடந்தது. 2011-இல் ஹுஸ்னி முபாரக் பதவி இழந்தார். அவ்வருஷம் ஜூன் 30-ந் தேதி அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஹிலாரி கிளிண்டன், இஃக்வான்களுடன் வரையறுக்கப்பட்ட தொடர்பு வைத்துக்கொள்வோம் என்று பகிரங்கமாகவே சொன்னார். 2012 ஜூனில் இஃக்வான்களின் வேட்பாளர் முஹம்மது முர்ஸி தேர்தலில் வென்று ஜனாதிபதியானார். அடுத்த மாதம் கிளிண்டன் அலெக்ஸாந்திரியா வந்தபோது, இஃக்வான்களை அமெரிக்காவே ஆட்சியில் அமர்த்தியது என்று எண்ணியவர்கள் அவருடைய வாகன வரிசையின் மீது தக்காளியும் காலணியும் எறிந்தார்கள்.

2013 ஜூன் 18-ந் தேதி அமெரிக்க ஸ்தானிகர் ஆன் பாட்டர்ஸன் கெய்ரோவில் பேசுகையில், தேர்தலைவிடத் தெருப் போராட்டம் நல்ல பலன் தரும் என்பதில் தமக்கு நம்பிக்கை இல்லை என்ற கருத்தைச் சொன்னார். பின்னர் இஃக்வான் பிரமுகர் கைராத் அஷ்ஷாத்திரைச் சந்தித்தார். முர்ஸியை எதிர்த்த ஊர்வலங்களில் அந்த அம்மையாரின் படம் குறுக்குக் கோடு போடப்பட்டுத் தூக்கிச் செல்லப்பட்டது. ஜூலை 3-ந் தேதி ராணுவம் முர்ஸியை நீக்கியது. உடனே முர்ஸியின் ஆதரவாளர்கள், அமெரிக்காவே ராணுவத்திற்கு உடந்தை என்றார்கள். இரு தரப்பாருக்கும் ஒரே எதிரி கிடைத்துவிட்டான்!

ஆகஸ்டு 5-ந் தேதி அமெரிக்காவின் வில்லியம் பர்ன்ஸும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதரும், கத்தார், ஐக்கிய அமீரக மந்திரிகளுடன் சிறைக்கே சென்று கைராத் அஷ்ஷாத்திரைக் கண்டார்கள். சமரசம் பலிக்கவில்லை. ஆகஸ்டு 14-ந் தேதி ராபிஆ சதுக்கத்தில் கூடியிருந்தவர்களைப் படையினர் கலைத்தனர். அங்கு குறைந்தது 817 பேர் மாண்டனர் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு மறு வருஷம் அறிக்கை வெளியிட்டது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். சமரசப் பேச்சு நடந்ததால் அந்த உயிர்கள் போகவில்லை. அது முறிந்த பிறகே போயின. இதை மறக்கலாகாது.

நமக்குள்ள பாடம்

தூதர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நாம் வாதாடவில்லை. ஒவ்வொரு தேசமும் தன் தராசையே தூக்கி வரும். ஆகையால் இத்தகைய செய்தியைக் கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

1. சந்திப்பு பகிரங்கமா, மறைவா? மறைத்தால் சந்தேகம் வளரும். மறைத்தவரே அதற்குப் பொறுப்பாளி.

2. தூதர் ஒரு தரப்பாரை மட்டும் சந்திக்கிறாரா, எல்லாரையுமா? ஒரே கடையில் விலை கேட்டவன் சந்தை விலை அறிந்தவன் ஆகமாட்டான்.

3. பேச்சு மட்டும் நடந்ததா, பணமோ வாக்குறுதியோ கை மாறியதா? பேச்சு வேறு, பேரம் வேறு.

இவற்றிற்கு விடை தெரியாதவரை ஒருவரைத் துரோகி என்று கூறுவது அவதூறு ஆகும்.

மக்கத்துக் குறைஷிகள் இரண்டு தூதர்களைக் காணிக்கைகளுடன் அபிஸீனியாவுக்கு அனுப்பி, அங்கே அடைக்கலம் புகுந்த முஸ்லிம்களை ஒப்படைக்கும்படி கேட்ட வரலாறு நமது மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மன்னர் நஜ்ஜாஷி தூதர்களை விரட்டவுமில்லை. அவர்கள் சொல்லை அப்படியே நம்பவுமில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களை அழைத்து, ஜஃபர் (ரலி) அவர்களின் வாயாலேயே விஷயத்தைக் கேட்டார். அதன் பிறகே தீர்ப்பளித்தார். காணிக்கைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நம்மை விட்டுப் போன அந்த நண்பர் ஒரு நாள் திரும்பி வந்து, "அன்றைக்கு என்னதான் பேசினீர்கள், பாய்?" என்று கேட்டார். சொன்னோம். "இதை நான் அன்றே கேட்டிருக்கலாமே" என்று வருந்தினார். ஆம் சகோதரர்களே, அன்றே கேட்டிருக்கலாம். மிஸ்றிலும் அன்றே கேட்டிருக்கலாம்.

வஸ்ஸலாம்.