ஹவாயி: ஒரு தீவு மாநிலம்

மாணவர்களே! அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடியில் 50 விண்மீன்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மாநிலத்தைக் குறிக்கும். அம்மாநிலங்களுள் இறுதியாகச் சேர்ந்தது ஹவாயி. 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் அது 50ஆவது மாநிலமாயிற்று. பசிபிக் பெருங்கடலின் நடுவே, கடலடி எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி எழுந்த நிலம் அது. முதன்மையான தீவுகள் 8. தலைநகரான ஹொனலுலு, ஒவாஹு என்னும் தீவில் உள்ளது.

மாநிலக் கொடியில் வெள்ளை, சிவப்பு, நீல நிறங்களில் 8 பட்டைகள் உண்டு. அவை 8 தீவுகளைக் குறிப்பன. அதன் மூலையில் பிரித்தானியக் கொடி இருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஹவாயி முன்பு தனி அரசாக விளங்கியது. அதன் மன்னர்கள் பிரித்தானியரோடு நட்புப் பூண்டிருந்தனர். ஆயினும் 1843இல் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஒருவர் அத்தீவுகளைக் கைப்பற்றினார். ஏறத்தாழ ஐந்து திங்களுக்குப் பின் பிரித்தானியரே அவற்றைத் திருப்பி அளித்தனர். அப்போது மன்னர் மூன்றாம் கமேஹமேஹா மொழிந்த சொற்களே இன்று மாநிலத்தின் குறிக்கோளுரை. ‘நிலத்தின் உயிர் அறத்தால் நிலைபெறுகிறது’ என்பது அதன் பொருள்.

மாநில மலர், நம் செம்பருத்தியின் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் மலர். மாநில மரம் குகுயி. அதன் கொட்டைகளில் எண்ணெய் மிகுதி. முற்காலத்தில் அவற்றைத் தென்னை ஈர்க்கில் கோத்து விளக்காக எரித்தனர். மாநிலப் பறவை நெனே என்னும் வாத்தினம். எரிமலைப் பாறைகளில் நடப்பதற்கேற்ப அதன் கால்விரல்களுக்கு இடையே உள்ள சவ்வு குறைந்துள்ளது. 1950ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ 30 பறவைகளே எஞ்சியிருந்தன. பின்னர்ப் பாதுகாத்து வளர்த்துப் பெருக்கினர். மாநில மீனின் பெயரோ ஹுமுஹுமுநுகுநுகுஆபுவஅ! வகுப்பில் ஒருமுறை பிழையின்றிச் சொல்லிப் பாருங்கள்.

இவ்வடையாளங்கள் அனைத்தினும் அரியது ஹவாயி மொழி. உரோமன் எழுத்துகளால் எழுதப்படும் அம்மொழிக்கு 13 எழுத்துகளே உண்டு. அவற்றுள் 5 உயிர், 8 மெய். உயிர்கள் தமிழைப் போலவே குறிலாகவும் நெடிலாகவும் ஒலிக்கும். இரு மெய்கள் அடுத்தடுத்து வருவதில்லை. எல்லாச் சொற்களும் உயிர் ஒலியிலேயே முடியும். மற்றோர் ஒற்றுமையும் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்கையில் ‘நாம்’ என்றும், அவரை நீக்கிச் சொல்கையில் ‘நாங்கள்’ என்றும் கூறுகிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் இந்தியிலும் இவ்வேறுபாடு இல்லை. ஹவாயி மொழியில் ‘காகௌ’ என்றால் நாம். ‘மாகௌ’ என்றால் நாங்கள்.

1893இல் ஹவாயியின் அரசி லிலியுஓகலானி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். 1896இல் இயற்றப்பட்ட சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிகளின் பயிற்று மொழியாக்கியது. தாய்மொழியில் பேசிய சிறுவர்கள் பள்ளியில் தண்டிக்கப்பட்டதும் உண்டு. நாளடைவில் வீட்டிலும் அம்மொழி அருகியது. பாட்டி பேசுவது பேரனுக்கு விளங்காத நிலை பல குடும்பங்களில் உண்டாயிற்று. 1978இல் அது மீண்டும் ஆங்கிலத்தோடு மாநில ஆட்சிமொழியாயிற்று. எனினும் அதைப் பேசும் சிறுவர்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆட்சிமொழி என்னும் பெயர் மட்டும் கிடைத்தால் மொழி வாழ்ந்துவிடுமா?

1984இல் பெற்றோரும் ஆசிரியரும் கூடி, ‘பூனன லேயோ’ என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினர். ‘குரல்களின் கூடு’ என்று அதற்குப் பொருள் கூறலாம். அங்கே நாள் முழுதும் ஹவாயி மொழியிலேயே பேச்சும் விளையாட்டும் நிகழ்ந்தன. பெற்றோரும் அம்மொழியைப் பயிலுமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. 1987இல் அரசுப் பள்ளிகளிலும் ஹவாயி மொழிவழிக் கல்வி தொடங்கிற்று. அவ்வாறு பயின்றவர்களுள் சிலர் இன்று அம்மொழியிலேயே தம் பிள்ளைகளை வளர்க்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்
ஈர்க்கு – ஓலையின் நடுநரம்பு
திங்கள் – மாதம்
அருகுதல் – குறைதல்

பயிற்சி
1. ஹவாயிக் கொடியில் உள்ள 8 பட்டைகள் எவற்றைக் குறிக்கின்றன?
2. ‘நாம்’, ‘நாங்கள்’ ஆகியவற்றைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.
3. 1896ஆம் ஆண்டுச் சட்டத்தால் விளைந்தவை யாவை?
4. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் நேரிலோ தொலைபேசியிலோ பேசி, நீங்கள் இதுவரை கேட்டிராத 5 தமிழ்ச் சொற்களைப் பொருளுடன் எழுதி வருக.