மெய்நிகர் தொலைபேசி இலக்கங்களைச் செய்நிரல் மூலம் தேடுதல்

மாணவர்களே, தொடரி, தேர்வு, மீள்செயல் ஆகிய மூன்று கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகளையும் நீங்கள் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். அவை மூன்றும் ஒருங்கே பயன்படும் நடைமுறை உதாரணம் ஒன்றை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. மெய்நிகர் இலக்கம் என்றால் என்ன?

வழமையான தொலைபேசி இலக்கம் ஒரு கம்பி இணைப்புடனோ சிம் அட்டையுடனோ பிணைக்கப்பட்டிருக்கும். மெய்நிகர் இலக்கம் அவ்வாறன்று. அதற்கு வரும் அழைப்பைச் சேவை வழங்குநரின் கணினி ஏற்று, ஒரு செய்நிரலுக்கோ வேறொரு தொலைபேசிக்கோ அனுப்பிவைக்கும்.

2008 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ட்விலியோ நிறுவனம் இத்தகைய இலக்கங்களை வழங்குகின்றது. வாடிக்கையாளரின் செய்நிரல், நிறுவனத்தின் சேவையகத்துடன் நேரடியாகத் தொடர்புகொள்வதற்கான விதிமுறைத் தொகுதியே செய்நிரலாக்க இடைமுகம் எனப்படும். இது சுருக்கமாக ஏ.பி.ஐ. என அழைக்கப்படும்.

2. தேடல் வேண்டுகை

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலுள்ள கடையொன்றுக்கு இலக்கம் தேவை எனக் கொள்க. செய்நிரல் பின்வரும் விபரங்களுடன் "கெட்" வகை வேண்டுகையை அனுப்பும்.

அ. கணக்கின் அடையாளமும் இரகசியச் சாவியும்
ஆ. நாடு: ஐக்கிய அமெரிக்கா
இ. இலக்க வகை: உள்ளூர், கட்டணமில்லா அல்லது கையடக்க இலக்கம் (எல்லா நாடுகளிலும் எல்லா வகையும் கிடைப்பதில்லை)
ஈ. பிரதேசக் குறியீடு: 510
உ. வசதி: குரல் அழைப்பு, குறுஞ்செய்தி

"கெட்" தரவைப் பெறுவதற்கு மாத்திரமே உரியது. அது சேவையகத்தில் எதனையும் மாற்றாது என்பதை நினைவிற் கொள்க.

3. கிடைக்கும் பதில்

சேவையகம் இலக்கங்களின் பட்டியலை அனுப்பும். ஒவ்வோர் இலக்கமும் ஈ.164 எனும் சர்வதேச நியமப்படி +15105550123 என்றவாறு அமையும். இங்கு 1 நாட்டுக் குறியீடு, 510 பிரதேசக் குறியீடு ஆகும். இந்நியமப்படி ஓர் இலக்கம் 15 எண்களுக்கு மேற்படாது.

பதிலுடன் வரும் நிலைக் குறியீட்டையும் கவனிக்க வேண்டும்.

200 – வேண்டுகை வெற்றி
401 – கணக்கு விபரம் ஏற்கப்படவில்லை

200 என்ற குறியீட்டுடன் வெறுமையான பட்டியல் வரலாம். இது வழு அன்று. கேட்ட நிபந்தனைகளுக்குப் பொருந்தும் இலக்கம் தற்போது இல்லை என்பதே அதன் பொருளாகும். அவ்வேளையில் நிபந்தனையைத் தளர்த்தி மீண்டும் தேடலாம்.

4. முக்கிய குறிப்பு

பட்டியலில் இருப்பது வேறு, உமக்கு ஒதுக்கப்பட்டிருப்பது வேறு. பட்டியல் என்பது தேடிய கணத்தின் நிலை மாத்திரமே. அதே இலக்கத்தை அதே வேளையில் வேறொருவரும் காணலாம். நீர் தெரிவுசெய்வதற்குள் அவர் அதனை வாங்கியும் விடலாம். பட்டியலிற் கண்டவுடன் கடைக்காரர் அவ்விலக்கத்தைப் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டால், வாடிக்கையாளரின் அழைப்புகள் யாரோ ஒருவருக்குச் செல்லும்.

இலக்கத்தை உரித்தாக்குவதற்கு "போஸ்ட்" எனும் வேறொரு வேண்டுகையை அனுப்ப வேண்டும். அது வெற்றியளித்த பின்னரே இலக்கம் உம்முடையதாகும். கட்டணமும் அப்போதே அறவிடப்படும். சில நாடுகளின் இலக்கங்களுக்கு முகவரியும் வழங்கப்படல் வேண்டும்.

5. போலிக் குறிமுறை

தொடங்கு
பெறப்பட்டது = பொய்
தேடல் வேண்டுகையை அனுப்பு
நிலைக் குறியீடு 200 எனின்
  பட்டியலில் இலக்கம் மீதியிருந்து, பெறப்பட்டது = பொய் ஆகவும் இருக்கும் வரை
    அடுத்த இலக்கத்தை எடு
    அதனை வாங்கும் வேண்டுகையை அனுப்பு
    வெற்றி எனின் பெறப்பட்டது = உண்மை
  மீள்செயல் முடிவு
நிபந்தனை முடிவு
பெறப்பட்டது = உண்மை எனின் இலக்கத்தைக் காட்டு
இன்றேல் "இலக்கம் பெறப்படவில்லை" எனக் காட்டு
முடி

6. பயிற்சி வினாக்கள்

(1) 200 என்ற குறியீட்டுடன் வெறுமையான பட்டியல் கிடைத்தால், மேலுள்ள குறிமுறையின் வருவிளைவு யாது?
(2) மீள்செயலின் நிபந்தனையில் "பெறப்பட்டது = பொய்" என்ற பகுதி நீக்கப்படின் என்ன நிகழும்?
(3) தேடலுக்கு "கெட்" பயன்படுவதும் வாங்குவதற்கு "போஸ்ட்" பயன்படுவதும் ஏன்?

விடைகள்

(1) "இலக்கம் பெறப்படவில்லை" எனக் காட்டப்படும். மீள்செயல் ஒரு தடவையேனும் நிகழாது.
(2) முதல் இலக்கம் கிடைத்த பின்னரும் செய்நிரல் நிற்காது. பட்டியலில் எஞ்சியவற்றையும் வாங்க முயலும். தேவையற்ற செலவு ஏற்படும்.
(3) தேடல் தரவை வாசிக்க மாத்திரமே செய்கின்றது. வாங்குதல் சேவையகத்தின் பதிவை மாற்றுகின்றது.

இரண்டாம் வினாவுக்கு "செய்நிரல் முடிவின்றி இயங்கும்" என விடையளித்தல் தவறாகும். பட்டியல் முடிவடைந்ததும் மீள்செயலும் முடிவடையும்.