புரைக்குத் தேதி வாங்குமுன்

சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவர், அறுந்த இழை கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கோவைக்குப் பஸ் ஏறுகிறார். அவிநாசி சாலை அரவிந்த் கண் மருத்துவமனையில் விழித்திரை, கருவிழி, கண் நீர் அழுத்தம் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து 3 ஆண்டு எம்.எஸ். படித்தவர் கண் மருத்துவர். விழித்திரை நிபுணரோ பெரும்பாலும் அதற்குமேல் அந்தப் பிரிவிலேயே ஃபெல்லோஷிப் முடித்தவர். (கடையில் பவர் பார்ப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட், அறுவை சிகிச்சை அவர் வேலையல்ல.) சாதாரணக் கண்புரைக்கு எந்தப் பிரிவு, எந்த மருத்துவர் என்று இத்தனை விசாரணை எதற்கு என்பீர்கள், நியாயந்தான், பொதுக் கண் மருத்துவரே போதும். ஆனால் சர்க்கரை உள்ளவருக்குப் புரை எடுத்தும் பார்வை தெளியாமல் போகலாம்; பழுது விழித்திரையிலும் இருக்கக்கூடும். ஆகவே அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குமுன் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் கண் கூசும். அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.