மாடிக்கு ஏற்றாதீர்கள்
ஐப்பசி மழைக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை: ஒரு சுகாதார ஆய்வாளரின் அறிவிப்பு

சரஸ்வதி பூஜை முடிந்தது. வீட்டைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று. பரணிலிருந்து இறக்கியதில் பாதி மறுபடி பரணுக்கே போயிருக்கும். மீதி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மொட்டை மாடிக்குப் போயிருக்கிறது. பதினெட்டு வருஷமாக மாடி ஏறி இறங்குவதே என் பிழைப்பு. புரட்டாசிக் கடைசியில் மேலே நின்று பார்த்தால், ஊரே தட்டுமுட்டுச் சாமானோடு மாடிக்குக் குடி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அதிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். மாடிக்கு ஏற்றியதை நீங்கள் இறக்கப் போவதோ போகிக்கு, அதாவது ஜனவரி நடுவில். இடையில் ஒரு மழைக்காலம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை.

கையில் இருப்பது சில நாட்கள். சாதாரண வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பேப்பர், அட்டைப்பெட்டி: இந்த வாரமே எடைக்குப் போடுங்கள், நனைந்தால் கடைக்காரர் தொட மாட்டார். இரும்பு, பித்தளை, அலுமினியம்: காயலான் கடைக்கு. உடைந்த பிளாஸ்டிக்: உலர் குப்பையில். செத்த பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மருந்து: தனியாகக் கட்டி, இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். உடுத்தாத துணி: துவைத்து, பொத்தான் இருக்கிறதா பார்த்துக் கொடுங்கள். நீங்களே உடுத்தக் கூசுவது அடுத்தவருக்கும் வேண்டாம். மெத்தை, சோபா: நகராட்சியில் முன்கூட்டிச் சொல்லி வண்டி கேளுங்கள், இரவோடு இரவாகத் தெருமுனையில் சாத்திவிட்டு வராதீர்கள். கொல்லையில் செங்கல், விறகு, ஓட்டுக் குவியல்: மழைக்குப் பாம்பும் தேளும் ஒதுங்குகிற இடம் அது. கையை விடாமல் கம்பால் தள்ளிப் பார்த்து எடுங்கள். மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் வாய்: சருகை வாருங்கள். மழைநீர்த் தொட்டி: மூடி போடுங்கள், காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுங்கள்.

இவ்வளவையும் விட்டாலும் ஏதோ சமாளித்துவிடலாம். இனி சொல்வதை விட்டால் சமாளிக்க முடியாது.

மாடிக்கு ஏற்றுவது கழிப்பது ஆகாது. கண்ணிலிருந்து மறைப்பது மட்டும்தான். நீங்கள் மறைத்து வைத்த அந்த இடத்தில்தான் மழை நேராக விழுகிறது.

போன கார்த்திகையில் ஒரு வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் கண்ட வீடு என்று ஆஸ்பத்திரிப் பட்டியலில் வந்திருந்தது. கூடத்தில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது, அப்படி ஒரு சுத்தம். பாட்டி பெருமையாகச் சொன்னார்: "வாங்க தம்பி. எங்க வீட்டுல ஒரு பொட்டுத் தண்ணி தேங்காது, பாத்துக்கங்க." பார்த்தேன். உண்மைதான். மாடிக் கதவைத் திறக்கச் சொன்னேன். "சாவி எம்மவன்கிட்டல்ல இருக்கு, அவன் ராத்திரிதான் வருவான்." மறுநாள் போனேன், சாவி இல்லை. மூன்றாம் நாள் போனபோது மகனே இருந்தார், கதவு திறந்தது. மோட்டார் கழற்றிய ஏர்கூலர், வாஷிங் மெஷினின் உள்தொட்டி, இரண்டு பைக் டயர், பெயின்ட் வாளிகள், கால் உடைந்த சாய்வு நாற்காலி. எல்லாவற்றையும் மழைக்குப் பத்திரமாக நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அந்தத் தார்ப்பாயின் மடிப்புகளில், சாமான்களுக்கு இடையே தொய்ந்த பள்ளங்களில், ஏழெட்டு இடத்தில் தெளிந்த தண்ணீர். டார்ச் அடித்தேன். "போகிக்கு எடுத்துடலாம்னு வச்சிருந்தேன் சார்" என்றார் மகன். அவருடைய பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான்காம் நாள். அந்தக் குழந்தை வீடு திரும்பவில்லை.

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் "போகிக்கு எடுத்துடலாம்" என்ற வார்த்தையை இந்த ஆண்டு யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைக் கொசு அல்ல. அதற்கு வேண்டியது தெளிந்த தண்ணீர், கொஞ்சம் நிழல், ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் ஏனம். ஒரு கொட்டாங்குச்சி போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஏனத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். பார்வைக்குக் கரித்தூள் மாதிரி இருக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரியும். போன மழையில் உங்கள் மாடியில் கிடந்து, கோடை முழுதும் வெயிலில் காய்ந்த டயரைப் பார்த்து "காலியாகத்தானே இருக்கிறது" என்கிறீர்களே, அது காலி இல்லை. முதல் மழைக்குக் காத்திருக்கிறது. பொரிந்ததிலிருந்து ஏழு முதல் பத்து நாளில் கொசு பறந்துவிடும்.

அதனால்தான் தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது என்று கரடியாய்க் கத்துகிறோம். வைத்துக்கொள்ளப் போகிற பாத்திரமானால் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். கவிழ்க்கும் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், புழு அங்கேயே செத்துவிடும். வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றால் அது வீட்டு எல்லையை விட்டே போக வேண்டும்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொல்லையில் அம்மா காலத்து ஆட்டுக்கல் ஒன்று கிடக்கிறது. கிரைண்டர் வந்த பிறகு அதைத் தொட்டவர் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி, "உங்க டார்ச்சை எடுத்துட்டு இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். குழவி இல்லாத குழியில் அரைச் செம்புத் தண்ணீர். மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கமா போட்ட மாதிரி இருபது முப்பது புழு. என் தலை நிழல் விழுந்ததும் அத்தனையும் நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. நிழலை எடுத்தால் மேலே வருகின்றன. எத்தனையோ வீட்டில் பார்த்த காட்சிதான். என் வீட்டில் பார்க்கும்போது வயிற்றைப் பிசைந்தது. இப்போது குழியில் மணலை நிரப்பித் துளசி வைத்திருக்கிறோம். கல்லைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. வரவும் வேண்டியதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டு என்று நான் சொல்லவில்லை. அப்பா உட்கார்ந்த நாற்காலி, சீராக வந்த அண்டா, பிள்ளை முதலில் ஓட்டிய மூன்று சக்கர வண்டி, இவற்றுக்கு எடைக்கடைத் தராசில் மதிப்பில்லை என்று எனக்கும் தெரியும். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்குள் வையுங்கள். தினமும் கண்ணில் படட்டும், நடக்கும்போது காலில் இடிக்கட்டும். பத்து நாள் இடித்தும் பரவாயில்லை என்று தோன்றினால் அது உங்களுக்கு வேண்டிய பொருள். கூடத்தில் இடம் கொடுக்க மனமில்லாத பொருளுக்கு மாடியில் எதற்கு இடம்? அதை நீங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டீர்கள். வாசல் தாண்டி அனுப்பத்தான் சோம்பல்.

நம் வீடுகளில் ஒரு சொல் இருக்கிறது: "ஆகும்." எதற்காவது ஆகும், என்றைக்காவது ஆகும். பஞ்சம் பார்த்த தலைமுறை சொன்ன சொல், அதை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் வைத்தது பத்துப் பொருள், பத்தும் ஆயிற்று. நாம் வாங்குவது மாதம் பத்து. காலி பெயின்ட் வாளி ஒன்று ஆகும், சரி. ஆறு வாளி எதற்கு ஆகும்? கொசுவுக்கு ஆகும்.

வேலையை எங்கே தொடங்குவது என்பதிலும் தப்பு நடக்கிறது. கூடத்தில் தொடங்குகிறீர்கள். கூடத்துக் குப்பை பரணுக்கும், பரண் குப்பை மாடிக்கும் ஏறுகிறது. தலைகீழாகச் செய்யுங்கள். மாடியில் தொடங்குங்கள். ஒரு சாமான் விடாமல் இறக்கி, விற்பதா கொடுப்பதா எறிவதா என்று வாசலிலேயே முடிவு கட்டுங்கள். மாடி வழித்து விட்டது போல ஆன பிறகு கதவைச் சாத்திவிட்டு சன்ஷேடு, பரண், அறைகள் என்று இறங்குங்கள். மேலே தள்ள இடமில்லை என்று ஆகிவிட்டால் கை தானாக வாசல் பக்கம் போகும்.

தீபாவளிக்குப் புதுசு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புது ஃப்ரிட்ஜ் ஏறுகிற அன்றே பழையது இறங்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் சொற்பம்தான் தருகிறான் என்று முறைத்துக்கொண்டு பழையதை மாடியில் நிறுத்தாதீர்கள். டி.வி. வந்த அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் வாரண்டிக்கு வேண்டும் என்பார்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் ஃபைலில் வையுங்கள், பெட்டியை அனுப்புங்கள். வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ஃப்ரிட்ஜின் பின்பக்கம், அடியில், தண்ணீர் சொட்டும் தட்டு ஒன்று உண்டு. பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. வாரம் ஒரு முறை துடையுங்கள்.

நான் மாடிச் சாவி கேட்கும்போது எனக்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. "முதல்ல சாக்கடையைச் சுத்தம் பண்ணுங்க சார்." நியாயம். அது எங்கள் வேலை, அதில் குறை இருக்கிறது, கேளுங்கள். ஆனால் சாக்கடையில் வளர்வது வேறு கொசு. அதைத் துப்புரவாக ஒழித்தாலும் உங்கள் மாடி டயரில் வளர்வது வளர்ந்துகொண்டுதான் இருக்கும். இரண்டாவது, "புகை அடிச்சுட்டுப் போங்க சார்." புகை பறக்கிற கொசுவைக் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. நாளைக்கு அது பறக்கும். இந்தக் கொசு நெடுந்தூரம் போவதில்லை, பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். பகலில் கடிக்கும். உங்கள் குழந்தையைக் கடித்தது அநேகமாக உங்கள் மாடியில் பிறந்தது, இல்லையென்றால் பக்கத்து வீட்டு மாடியில். 2017-இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 65 பேர் இறந்தார்கள். இது அரசுக் கணக்கு. இதற்கும் மாடிக் கதவைத் திறக்கச் சங்கடமா?

மறுபடியும் சொல்கிறேன். மாடிக்கு ஏற்றாதீர்கள். ஏற்றியதை இறக்குங்கள். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். போகிவரை வைக்காதீர்கள். போகிக்கு வைத்திருந்து டயரைக் கொளுத்துவதிலும் புண்ணியம் இல்லை. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியாமல் திருப்பி விட்டார்கள். அந்தப் புகைதான் உங்கள் வீட்டு ஆஸ்துமாக்காரர் நெஞ்சிலும் இறங்குகிறது.

மழை பிடித்த பிறகு வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், வெள்ளியோ ஞாயிறோ. அன்று பத்து நிமிடம் மாடி, கொல்லை, பூந்தொட்டித் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், குடத்து மூடி என்று ஒரு சுற்று. ஏழு நாளைத் தாண்ட விடாதீர்கள், காரணம் மேலே சொல்லியாயிற்று.

காய்ச்சல் வந்தால்: பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினும் இபுபுரூபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். நீராகாரம் நிறையக் கொடுங்கள். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதிப்பெருமூச்சு விடாதீர்கள், டெங்குவில் ஆபத்து அப்போதுதான் ஆரம்பம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை துவண்டு போவது, இதில் ஒன்று கண்டாலும் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.

வரும் திங்கள் முதல் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருவார்கள். பெரும்பாலும் பெண்கள், தினக்கூலிக்கு வருகிறவர்கள். நாயை அவிழ்த்து விடாதீர்கள், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். கொசுப்புழு இருக்கும் வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்க 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. போன வருஷம் தயங்கினேன். இந்த வருஷம் கொடுப்பேன்.

மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அவர் ராத்திரிதான் வருவார் என்றால் இன்னொரு சாவி போட்டு வாசல் ஆணியில் மாட்டுங்கள்.