காணா விதைகள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில், கொங்கு நாட்டுப் புன்செய் வரப்புக்களிலும் புற்றோரங்களிலும் வெண்குடை விரித்தாற்போலக் காளான்கள் முளைத்து நிற்கும். அவற்றை விதைத்தவர் யாருமிலர். ஆயினும், விதைபோன்ற ஒன்றின்றி அவை தோன்றவில்லை. காளானின் குடையைக் கொய்து, மடிப்புள்ள பக்கம் கீழாக இருக்குமாறு ஒரு தாளின்மேல் வைத்து, ஓரிரவு கழித்து எடுத்துப் பாருங்கள். அம்மடிப்புக்களின் வடிவம் நுண்தூளால் வரைந்தாற்போல் தாளிற் படிந்திருக்கும். அத்தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தாகும்.

இவ்வித்தினைத் தாவர நூலார் 'சிதல்' என வழங்குவர். பழந்தமிழில் சிதல் என்பது கறையானுக்குப் பெயர். இவ்விரண்டும் ஒரு பெயர் பெற்றது தற்செயலே எனினும், முற்றும் பொருந்தாததன்று. புற்றினுள்ளே கறையான்கள், தாம் தின்ற சருகு முதலியவற்றால் தேனடை போன்ற ஒன்றை அமைத்து, அதன்மேல் இப்பூஞ்சையைப் பயிர்செய்து உண்கின்றன. மனிதன் மேழி பிடிப்பதற்குப் பல ஊழிகளுக்கு முன்பே அவை உழவராயின!

பூஞ்சை வித்துக்கள் யாவும் இங்ஙனம் உணவளிப்பன அல்ல. முன்னாளில் கொங்கு நாட்டார்க்குச் சோளமும் கம்புமே நாள்தோறும் சோறாயின. அச்சோளத்தைப் பற்றுவது கரிப்பூட்டை நோய். பயிர் செழித்து வளரும், கதிரும் வெளிவரும். ஆனால் பால் பிடித்து மணி திரளவேண்டிய இடத்தில், சாம்பல் நிறமான சிறு பைகள் தோன்றும். அவற்றுள் இருப்பது மாவன்று, கரிய வித்துத்தூளே. களத்திற் கதிரடிக்கும்போது பைகள் உடைய, அத்தூள் நல்ல மணிகளின்மேல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பருவத்தில் உழவன் தன் கையாலேயே சோளத்தோடு நோயையும் விதைக்கின்றான். விதை முளைக்கையில் பூஞ்சையும் முளைத்து, இளம்பயிரினுட் புகுந்து, கதிர் வரும்வரை தன்னைக் காட்டாது உடன் வளர்கின்றது. நோய் புலனாகும் நாளில் மருந்திட்டுப் பயனில்லை. விதைக்குமுன் கந்தகத்தூளை விதையோடு கலந்து குலுக்கிவிடின், ஒட்டிய வித்துக்கள் அழியும். நீள்கரிப்பூட்டை என்னும் பிறிதொரு நோய்க்கு இம்முறை உதவாது. அதன் வித்துக்கள் காற்றில் வந்து கதிரையே நேராகத் தாக்குவன.

காற்றில் இவை எத்துணைத் தொலைவு செல்லும்? ஆக்ராக் கல்லூரிப் பேராசிரியர் கே. சி. மேத்தா, கோதுமையின் துருநோய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து 1940-இல் நூல் வெளியிட்டார். சமவெளியின் கோடை வெப்பத்தில் துருவித்துக்கள் மடிந்துவிடுகின்றன; குளிர்ந்த மலைகளிலேயே அவை உயிர்தாங்கி, பின்பு காற்றின்வழிக் கீழிறங்குகின்றன என்று அவர் காட்டினார். தண்டுத்துருவிற்குத் தெற்கே புகலிடமாவன கோவைக்கு அணித்தான நீலகிரியும், அதற்குத் தெற்கேயுள்ள பழனிமலையும் ஆகும். நவம்பர்த் திங்களிற் புயல் எழும்போது இவ்வித்துக்கள் மேகத்தோடு வடக்கே சென்று, மழைத்துளியுடன் மத்திய இந்தியக் கோதுமை வயல்களில் இறங்குவதை 1970-களில் அறிஞர் ஆராய்ந்து விளக்கினர். நீலகிரியின் ஒரு சரிவில் தோன்றும் செம்புள்ளி, நெடுந்தொலைவுக்கு அப்பாலும் ஓர் உழவனின் விளைவைக் குறைக்கவல்லது. இதனாலேயே, அம்மலையிலுள்ள வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் ஒன்று, துருவை எதிர்த்து நிற்கும் கோதுமை வகைகளைத் தேர்ந்தெடுத்து வருகின்றது.