வெளிச்சமும் கல்வியும் சொல்லி வரும் வேட்பாளர்

அண்மைக் காலத் தேர்தல்களில் நம்மிடம் வரும் வேட்பாளர்கள் சிலர் இரண்டு பொருள்களைச் சேர்த்துச் சொல்லுகிறார்கள். ஒன்று, வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம். மற்றது, பிள்ளைகளின் கல்வி. இரண்டும் நல்லவை. இரண்டின் அருமையையும் நாம் இல்லாமையில் கண்டவர்கள். 1990களில் மின்சாரம் அற்றிருந்த குடாநாட்டில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் விட்டுக் கொளுத்திய விளக்கின் முன்னால் இருந்துதான் நமது பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் தோட்டத்தில் இறைப்பும் நின்றது. மின்சாரம், கல்வி, கமம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்று எவரும் நமக்கு வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் கற்க வேண்டியது வேறொன்று. நல்ல பொருளைச் சொல்லி வாக்குக் கேட்பவரின் சொல்லை எப்படி எடைபோடுவது? 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, நீர்வேலி, கோப்பாய் பக்கங்களில் பிறர் காணியில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இக்கேள்வி மிக முக்கியமானது. சொந்த நிலம் கையில் இல்லாதவர்களுடைய வாக்கு மலிவானது என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற வேண்டியவர்கள் நாமே.

1. 1931ஆம் ஆண்டின் பாடம்

மின்சாரத்துக்காகச் சட்டசபைக்குப் போனவர் நமது நாட்டில் முன்னரே ஒருவர் இருந்தார். அவர் டி.ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர். மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று 1918இலேயே பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். ஆனால் திட்டம் பல ஆண்டுகள் இழுபட்டது. அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற அவர், சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931இல் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் இரத்தினபுரியில் நின்று வென்றார். நீர்மின் திட்டத்துக்காக அங்கேயும் வாதாடினார்.

அதே சபையில் கல்வி அமைச்சராக இருந்தவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமை தாங்கிய விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் அறவிட்ட பாடசாலைகள் பல அதனை எதிர்த்தன. திருச்சபை நடத்திய பாடசாலைகளும் அவற்றுள் அடங்கும் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

இருவருக்கும் நேர்ந்ததைக் கவனியுங்கள். லக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். விமலசுரேந்திர தெரிவாகிப் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் அப்போது எந்தச் சபையிலும் இல்லை. கன்னங்கராவோ இலவசக் கல்வி வந்து இரண்டே ஆண்டுகளில், 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், மத்துகமவில் தோற்றார். பனங்கொட்டை ஊன்றியவர் அடுத்த கோடையில் நுங்கு வெட்ட முடியாது. கல்வியும் மின்சாரமும் அத்தகைய பயிர்கள். ஐந்து ஆண்டுக்குள் எல்லாம் செய்து முடிப்பேன் என்பவரைவிட, முதல் ஆண்டில் எதைத் தொடங்குவேன், எனக்குப் பின் அதை யார் தொடர்வார் என்று சொல்லக்கூடியவர் நம்பத் தகுந்தவர்.

குடாநாட்டுக்கு உரிய பாடம் ஒன்றும் இதில் உண்டு. முழுச் சுயாட்சி தரப்படவில்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாக இருந்தன. பகிஷ்கரிப்பின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் கல்விக்கும் மின்சாரத்துக்கும் பொறுப்பானவர்களைச் சபை தெரிவுசெய்த வேளையில் குடாநாட்டின் குரல் அங்கே இருக்கவில்லை. வாக்களிக்காமல் இருப்பதற்கும் விலை உண்டு.

2. எந்த ஆசனத்துக்கு எந்த வாக்குறுதி?

வாக்குறுதியைக் கேட்டதும் நாம் முதலில் பார்க்க வேண்டியது, அவர் கேட்கும் ஆசனத்துக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதையே.

1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குரிய விடயங்களைப் பட்டியலிட்டது. மின்வலு உற்பத்திக்கான இடங்களையும் வசதிகளையும் விருத்தி செய்வது அப்பட்டியலில் உண்டு. ஆனால் இரண்டு விலக்குகளும் உண்டு: நீர்மின்சாரம் ஒன்று, தேசிய மின்வலையமைப்புக்குள் செல்லும் மின்சாரம் மற்றது. பளைப் பகுதியில் வீதியிலிருந்தே தெரியும் காற்றாலைகளை எண்ணிப் பாருங்கள். அவை வட மாகாணத்து மண்ணில் நிற்கின்றன. அவற்றின் மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போகிறது. ஆகவே அது மத்திய அரசின் விடயம்.

மாகாண சபைக்கு எஞ்சுவது என்ன? வலையமைப்போடு இணையாத சிறு திட்டங்கள். தோட்டக் கிணற்றுக்குச் சூரிய ஒளியில் இயங்கும் நீரிறைக்கும் மோட்டர், பாடசாலையின் தனி மின்கலத் தொகுதி, தீவுகளுக்கான தனி மின்சாரம் போன்றவை. இது சிறிய பங்கு போலத் தோன்றும். ஆனால் கமக்காரருக்கு மிகக் கிட்டிய பங்கு இதுவே.

கல்வியில் மாகாண சபையின் கை பெரிது. தேசியப் பாடசாலைகள் நீங்கலாக, ஏனைய அரச பாடசாலைகளுக்கு வசதி செய்து கொடுப்பதும் முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வதும் அதன் பொறுப்பு. பாடத்திட்டமும் பொதுப் பரீட்சைகளும் கொழும்பின் கையில் உள்ளவை. மாகாண சபை வேட்பாளர் ஒருவர் பாடத்திட்டத்தையே மாற்றுவேன் என்றால், அது அவருடைய காணியில் இல்லாத மரத்தின் காயைப் பறித்துத் தருவேன் என்பதற்குச் சமம்.

இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் 2013 செப்ரெம்பர் 21இல் நடந்தது. அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் 2025 வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. நம் பாடசாலைக்கும் கிணற்றுக்கும் மிகக் கிட்டிய சபை இல்லாமல் இத்தனை ஆண்டுகள் போயிருக்கின்றன. ஆகவே பாராளுமன்றத்துக்கு வருபவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி: மாகாண சபைத் தேர்தலை நடத்தும்படி நீங்கள் என்ன செய்வீர்கள்?

பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம். பதிவு மயிலிட்டியில் இருந்தாலும் வசிப்பு நீர்வேலியில் இருந்தாலும் நமது வாக்கு அதே மாவட்டத்துக்கே. ‘நீங்கள் என்னுடைய பகுதி வாக்காளர் அல்ல’ என்று எந்த வேட்பாளரும் நம்மைத் தட்டிக்கழிக்க முடியாது. பிரதேச சபைத் தேர்தலில் மட்டும் வட்டாரம் வேறுபடும். பெயர் எந்த இடாப்பில் உள்ளது என்பதைக் கிராம அலுவலரிடம் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. யாருடைய காணி? யாருடைய கிணறு?

வெயிலும் காற்றும் சுத்தமானவை. எண்ணெயால் வரும் மின்சாரம் என்ன செய்யும் என்பதை அயலிலேயே கண்டோம். சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து கிணறுகள் பழுதாயின. பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்கும்படி, மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு உயர் நீதிமன்றம் 2019இல் கட்டளையிட்டது.

எனினும் சுத்தமான மின்சாரம் என்பதனால் மாத்திரம் அது நீதியான மின்சாரம் ஆகிவிடாது. மன்னார்த் தீவில் காற்றாலைகளுக்கு எதிராக 2025 ஓகஸ்டில் மக்கள் தொடர் போராட்டம் நடத்தினார்கள். காற்றின் மேல் அவர்களுக்கு என்ன பகை? தங்கள் நிலம், வெள்ள நீர் வடியும் வழி, மீன்பிடி ஆகியவற்றைப் பற்றித் தங்களைக் கேளாமலே முடிவெடுக்கப்படுகிறது என்பதே அவர்களுடைய முறைப்பாடு.

இது நம்மை நேரே தொடும் விடயம். சூரியத் தகடுகளைப் பெருமளவில் பரப்பப் பரந்த வெளி வேண்டும். இடம்பெயர்ந்தவர்களின் காணி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெளியாகவே தெரியும். பற்றை மூடிக் கிடக்கும், எல்லைக் கதியால் அழிந்திருக்கும். ஆளில்லாத காணி வெறுங்காணி அல்ல. அதற்கு உறுதியும் உரிமைக்காரரும் உண்டு. சூரிய மின்சாரம் பற்றிப் பேசும் வேட்பாளரிடம் எந்த நிலத்தில் என்று கேளுங்கள். வீட்டுக் கூரை, பாடசாலைக் கூரை, சந்தைக் கூரை என்று அவர் சொன்னால் நல்லது. நிலம் என்றால், காணிக்காரரின் சம்மதத்தை எப்படிப் பெறுவீர்கள் என்று கேளுங்கள்.

இனிக் கிணற்றைப் பற்றி. இரண்டு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை அலகு மின்சாரம் செல்லும். நான்கு மணித்தியால இறைப்புக்கு ஆறு அலகு. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நமது வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு தரும். எனவே அந்த இறைப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட் தகடுகளாவது வேண்டும். வெயில் உள்ளபோதே தொட்டியில் நீரை நிரப்பினால் விலை கூடிய மின்கலம் தேவையில்லை. வேட்பாளர் சொல்லும் கணக்கை இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் இலவச வெயில் என்பதற்காக நாள் முழுதும் இறைக்கலாகாது. நமது சுண்ணாம்புக்கல்லின் கீழே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அயலிலுள்ள நிலாவரைக் கிணற்றிலேயே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உண்டு. மிதமிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும், தோட்டம் பாழாகும். மோட்டர் தருவேன் என்று மட்டும் சொல்பவர் பாதிப் பேச்சுப் பேசுகிறார். நீரை எப்படிப் பங்கிடுவது, மழைநீரை எப்படி நிலத்துக்குள் இறக்குவது என்பதும் மற்றப் பாதி.

4. கல்வியை எதனால் அளப்பது?

கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிப் படம் எடுப்பது எளிது. இடம்பெயர்ந்த பாடசாலைகள் பல ஆண்டுகள் பிறர் கட்டடங்களிலும் கொட்டில்களிலும் நடந்தன. அப்போதும் பிள்ளைகள் சித்தியடைந்தார்கள். காரணம் கற்பிக்க ஆசிரியர்கள் வந்தார்கள். ஆகவே கல்வியை இவற்றால் அளவுங்கள்: கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் உண்டா? பிள்ளை இடைவிலகினால் வீடு தேடி வருபவர் உண்டா? ஊர் திரும்பும் குடும்பத்துக்கு அங்கே பாடசாலை திறந்திருக்கிறதா? சூரிய மின்சாரம் வருமானால் அதனைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் நமது இளைஞருக்குத் தொழிற்பயிற்சி உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் அவருடைய இரண்டு வாக்குறுதிகளும் ஒன்றாகச் சேரும். தகடுகளை வெளியார் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனால், முதலாவது பழுதோடு வெளிச்சம் நின்றுவிடும்.

5. குழுவாகக் கலந்துரையாட

அ) நம்மிடம் வந்த வேட்பாளர்கள் கடந்த தேர்தலில் சொன்னவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது அந்த ஆசனத்தின் அதிகாரத்துக்குள் அடங்குமா என்று குறியுங்கள்.

ஆ) நமது கிணறுகளில் எவை உவராகி வருகின்றன? எத்தனை மோட்டர்கள் எவ்வளவு நேரம் ஓடுகின்றன?

இ) இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணி உறுதிகளும் பிரதிகளும் எங்கே உள்ளன? தொலைந்தவற்றுக்குப் பிரதி எடுக்க யார் உதவுவார்?

ஈ) அடுத்த தேர்தலில் எல்லா வேட்பாளரிடமும் கேட்பதற்கு மூன்று கேள்விகளைத் தெரிவு செய்யுங்கள். பதிலை அவர் முன்னிலையிலேயே எழுதி, வாசித்துக் காட்டுங்கள்.

அந்தக் கொப்பியை வாக்களிப்பு முடிந்ததும் மூடி வைக்க வேண்டாம். ஆண்டுக்கொரு முறை திறந்து கணக்குப் பாருங்கள். தெரிவானவரையும் அழைத்து முன்னால் இருத்திப் பாருங்கள். விளைச்சலுக்கு நாள் செல்லும் பயிர் என்றால் காவலும் அத்தனை நாள் வேண்டும்.