வயற்காவலில் இரவுக்காட்சிக் கருவிகள்

கதிர் முற்றி அறுவடை நெருங்குங் காலத்தில் வீரமுனை, சம்மாந்துறைப் பகுதிக் கமக்காரர்க்கு இரவில் உறக்கம் இல்லை. மேற்குப் புறத்துக் காடுகளிலிருந்து யானைகள் வயலுக்கு இறங்குகின்றன. பயிரிழப்பிலும் கொடியது உயிரிழப்பு. இருளில் யானை நிற்பதை அறியாது அதன் அண்மையிற் சென்றுவிடுவதே பல மரணங்களுக்குக் காரணமாகும். ஆகவே, யானை நிற்குமிடத்தைத் தொலைவிலேயே காட்டும் கருவிகளைப் பற்றிக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

இருவகைக் கருவிகள்

முதலாவது, இரவுக்காட்சிக் கருவி. இது நிலவொளி, விண்மீனொளி ஆகியவற்றைப் பெருக்கிக் காட்டும். முற்றாக இருண்ட இரவில், கண்ணுக்குப் புலனாகாத கதிரை வீசும் விளக்கொன்று இதற்குத் துணையாக வேண்டும்.

இரண்டாவது, வெப்பப்படக் கருவி. இதற்கு ஒளி வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கேற்பக் கதிர் வீசுகின்றது. அக்கதிரைப் படமாக்கிக் காட்டுவதால், குளிர்ந்த பயிரின் நடுவே விலங்கின் உடல் தெளிவாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியல் அறிஞர் கண்டறிந்தார். வயற்காவலுக்கு இவ்வகையே பெரிதும் ஏற்றது.

பயன்படுத்தும் முறை

1. பொழுது சாய்ந்தவுடன் வரம்பும் கல்லும் பகல் வெப்பத்தை வைத்திருக்கும், படம் குழம்பும். இரவு முதிர முதிரத் தெளிவு கூடும்.

2. காவற்பரணில் இருந்தபடியே வயலின் எல்லையை ஒரு புறத்திலிருந்து மறுபுறம் வரை மெதுவாகப் பார்க்கவேண்டும்.

3. யானை, எருமை, மனிதன் என்னும் வேறுபாட்டை உருவத்தாலும் நடையாலும் அறியவேண்டும். ஐயமிருப்பின் யானையென்றே கொள்க.

4. கருவியைப் பார்த்த கண்ணுக்குச் சிறிது நேரம் இருளிற் பார்வை மங்கும். ஆதலால் உடனே வரம்பில் இறங்குதல் ஆகாது.

குறைபாடுகள்

அடர்ந்த பற்றைக்காட்டின் பின்னால் நிற்கும் யானையை வெப்பப்படக் கருவி காட்டாது. வாகனக் கண்ணாடியூடாகவும் அது பயன்படாது. கடுமழையும் மூடுபனியும் காட்சியை மறைக்கும். ஈரச்சேறு பூசிய யானையின் உடல் குளிர்ந்து, உருவம் மங்கித் தோன்றலாம். எனவே, கருவியில் ஒன்றும் தெரியாமையால் யானை இல்லையென்று துணிந்துவிடலாகாது.

ஓர் உதாரணம்

தமிழ்நாட்டிற் கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள மதுக்கரைக் காட்டினூடே செல்லும் புகையிரதப் பாதையில் யானைகள் மோதுண்டு இறந்து வந்தன. 2024ஆம் ஆண்டு பெப்ருவரியில் அங்கே 12 கோபுரங்களிற் சாதாரண கமராவும் வெப்பப்படக் கமராவும் பொருத்திய அமைப்பொன்று தொடங்கப்பட்டது. யானை பாதையை அணுகினாற் கட்டுப்பாட்டு நிலையம் அறிந்து புகையிரதத்தாருக்கு எச்சரிக்கை செய்யும். யானையை எவரும் நெருங்குவதில்லை, முன்னறிவிப்பே காக்கின்றது. வயலுக்கும் இம்முறையே பொருந்தும்.

செய்ய வேண்டியவை

தனியொருவர் வாங்குதற்கு இக்கருவியின் விலை அதிகம். ஒரு கண்டத்துக் கமக்காரர் கூடி ஒன்றை வாங்கி, வட்டவிதானையாரின் பொறுப்பில் வைத்து முறைக்காவல் செய்யலாம். வாங்குமுன் அனுமதி வேண்டுமோ என்பதைப் பொலிசு நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டறிக. யானை தென்பட்டதும் அயல் வாடிகளுக்குத் தொலைபேசியில் அறிவித்து, வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் செய்தி அனுப்புக.

கருவி உண்டென்னும் துணிவால் யானையைத் தேடிச் செல்லுதல், அதனை விரட்ட அருகிற் போதல், வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுதல் ஆகியன ஒருபோதும் கூடா.

கமக்காரர்களே! யானை எல்லைகளை அறியாது. வீரமுனையார் கண்டதைச் சம்மாந்துறையாரும், அவர் கண்டதை இவரும் உடனுக்குடன் அறிவித்தால், ஒரு கருவி இரண்டு ஊரைக் காக்கும். அழிந்த பயிரை அடுத்த போகத்தில் மீண்டும் விளைவிக்கலாம். போன உயிர் மீளாது.